ராசா விழுந்த பிறகு

பூசாரி பக்கிரிசாமி மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடும்வரை ரூத் டீச்சர் சிரித்தபடிதான் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கெல்லாம் கட்டியாகிவிட்டது. கூத்துச் சொல்லிக்கொடுக்கிறவரும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார் பூசாரி. வேதக்காரிதான், ஆனாலும் ஒரு கயிற்றில் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவளும் நீட்டிவிட்டாள்.

"ஆச்சு டீச்சரம்மா. இனிமே மங்களம் பாடி முடிக்கிற வரைக்கும் ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாது."

"யாரு, நானா?"

"காப்பு கட்டுன எல்லாருந்தான். புள்ளைங்க எங்க போயிடப்போவுதுங்க? உங்களுக்குத்தான் சொல்றேன்."

ரூத்தின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அவள் போகப்போகிறவள்.

மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துக்கு அவள் வந்தது கல்யாணமாகி. கணவன் எர்னஸ்ட் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ட்ரெஸர். ஜப்பான்காரன் வந்தான், துரைமார் ஓடினார்கள், பால்வெட்டு பாதி நின்றது, பால்மரங்களுக்கு நடுவே மரவள்ளி முளைத்தது. அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரிகள் வந்தன. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். கூலிகள் போனால் காய்ச்சலும் கூடவே போகுமே, ட்ரெஸரும் வரட்டும் என்று எர்னஸ்டையும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வரி இல்லை. யாருக்குமே இல்லை.

ஆஸ்பத்திரி வீடு கூலிகள் குடியிருக்கும் லயங்களிலிருந்து தள்ளி, மேட்டில் தனியாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் காலைவரை அவளிடம் பேச ஆள் கிடையாது. லயத்துப் பெண்களுக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அந்த மரியாதையே வினை. குழாயடியில் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் வந்தால் வாளிச் சத்தம் மட்டும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதப்புத்தகத்தை உரக்கப் படிப்பாள். பக்திக்காகப் பாதி, வீட்டுக்குள் ஒரு குரல் கேட்கட்டுமே என்று பாதி.

சுங்கை பட்டாணியில் அவளுடைய அக்காள் ரோசம்மா இருந்தாள். வேதக்கோயில் தெருவில் வீடு, வீட்டில் ஓர் அறை காலி, சுற்றிலும் சபைக்காரர்கள். பங்குனி விடுமுறைக்கு மூட்டை முடிச்சோடு வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியாரும் சரி என்றுவிட்டார். மரவள்ளி ஏற்றிப்போகும் லாரியில் ஓர் இடம் உண்டு. போவதற்கு முன் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரே வாக்கு, வேங்கைமலை ராசா கூத்து.

அந்தக் கூத்துக்குத்தான் காப்பு. பூசாரி தானாக வந்து கட்டவில்லை, அவளே கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கிழங்குக் காட்டுக்கு இழுத்துப் போய்விடுகிறார்கள், ஒத்திகைக்கு ஒரு தலை தேறவில்லை. கோயில் காரியமாக்கிவிட்டால் விடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. காப்பு கட்டிய அன்றிலிருந்து ஒரு தாயும் வாய் திறக்கவில்லை. ஆனால் காப்புக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பது டவுனில் வளர்ந்த அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தொடங்கியது முடிந்தாக வேண்டும். முடியாமல் கயிற்றை அறுத்தால் அறுத்தவருக்கு ஒன்றுமில்லையாம், தோட்டத்துக்கு ஆகாதாம்.

"சீக்கிரம் முடிச்சிடலாம் பூசாரியய்யா," என்றாள்.

"முடிச்சாச் சரி," என்றார் பக்கிரிசாமி. ஒரு கால் சூம்பியவர் என்பதால்தான் அவரை லாரியில் ஏற்றவில்லை.

*

வேங்கைமலை ராசா கூத்தை அந்தத் தோட்டத்து ஆண்கள் வருஷாவருஷம் மாரியம்மன் கோயில் வாசலில் ஆடினார்கள். தகப்பன் ஆடிய வேஷத்தை மகன் ஆடுவான். எழுதிவைத்தவர் யாருமில்லை. ஆடியவர்கள் அத்தனை பேரும் இப்போது சயாமில். அப்படியானால் கூத்தும் அவர்களோடு போய்விட்டது என்றுதானே நினைப்போம்? ரூத்தும் அப்படித்தான் நினைத்தாள், ஒருநாள் குழாயடியில் ஒருத்தி துணி அலசிக்கொண்டே மந்திரியின் வசனத்தை முணுமுணுப்பதைக் கேட்கும்வரை.

விஷயம் இதுதான். ஒவ்வொருவனும் தன் வேஷத்தை வீட்டில்தான் பாடம் பண்ணுவான். கூத்தில் பாதி நேரம் அடுத்தவன் கேள்வி கேட்பான், இவன் பதில் சொல்வான். வீட்டில் கேள்வி கேட்க ஆள் ஏது? பெண்சாதிதான். அடுத்தவன் வசனம் முழுவதும் அவளுக்கு வேண்டாம். அது முடிகிற கடைசிச் சொல் போதும். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பாள், அவன் பிடித்துக்கொள்வான். இப்படியே வருஷக்கணக்காக நடந்ததில் ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் ஒரு வேஷம் மனப்பாடம். கூடவே, பக்கத்து வேஷங்களின் வால் நுனிகள்.

ரூத் லயம் லயமாகப் போனாள். ஒரு வீட்டில் ராசா இருந்தார், ஒரு வீட்டில் மந்திரி, ஒரு வீட்டில் பகையரசன். வாங்கி வந்ததை ஒட்டுவதற்கு அந்த வால் நுனிகள்தான் கைகொடுத்தன. "கோட்டை" என்று முடிகிற பேச்சு எந்த வீட்டில் இருக்கிறதோ, அது இதற்கு முன்னால் வர வேண்டும். உடைந்த மண்சட்டியின் ஓடுகளை விளிம்பு பார்த்துச் சேர்ப்பது மாதிரி வேலை. ஒட்ட ஒட்டக் கூத்து எழுந்து நின்றது.

ராணி வேஷம் பழனியாண்டியுடையது. ஆண்தான், ஆனால் சேலை கட்டிவிட்டால் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவன் பெண்சாதி ராக்காயி, கிழங்குக் காட்டில் எல்லாருக்கும் முன்னால் மண்வெட்டி போடுகிறவள், ராணியின் பாட்டுகளை ஒன்று விடாமல் கொடுத்தாள். ராசா போரில் விழும்வரை கொடுத்தாள். விழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் ராணி வந்து அழுவாங்களே, அந்தப் பாட்டு?" என்று கேட்டாள் ரூத்.

"அது தெரியாது டீச்சரம்மா."

"எல்லாம் தெரிஞ்சிருக்கு, அது மட்டும் தெரியாதா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். கிழங்கு வெந்திருச்சு, ஒரு துண்டு தின்னுறீங்களா?"

ராக்காயிக்குத் தெரியும் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும்.

*

மிஞ்சியது கடைசிப் பாட்டு ஒன்றுதான் என்பதால், ரூத் மற்றதை வைத்து ஒத்திகையைத் தொடங்கினாள். காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து ஜப்பான் பாட்டுப் பாடிய அதே பிள்ளைகள், மாலையில் அதே கொட்டகையில் வேங்கைமலைப் படையானார்கள். படை என்றால் ஐந்து பேர். ராசா முருகையா. ராணி, ராக்காயியின் மகள் பிரேமாவதி. மந்திரியும் பகையரசனும் தூதனும் ஒரே பையன். கட்டியங்காரன் சின்னையா, அவன் வாய்க்கு வேறு வேஷம் கொடுத்தாலும் அது கட்டியங்காரனாகவே மாறிவிடும். மீதி இருந்த சிறுமி அழகம்மா திரை பிடிக்க.

திரை என்றதும் மேலே கயிற்றில் தொங்குவதை நினைக்க வேண்டாம். கூத்துத் திரை ஒரு துணி, அதை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வருகிறவர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். சபைக்குத் திரையின் மேலே மணிமுடி தெரியும், கீழே பாதம் தெரியும், முகம் தெரியாது. யாரோ, யாரோ என்று பார்க்கிறவர்களுக்குத் தவிக்கும். அப்போது திரை விலகும். மூன்று வேஷம் கட்டும் பையன் முடியை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் இந்தத் திரையால்தான். சபை முதலில் பார்ப்பது முடியை. முகம் வருவதற்குள் அவர்கள் மனசு தீர்மானித்துவிடுகிறது.

முடிகளைப் பால் ஷீட்டில் வெட்டினாள். புகையில் வாட்டிய ரப்பர் ஷீட், கூரை வெயிலில் கொஞ்சம் வைத்தால் சொன்னபடி வளையும். பச்சைப் பாலையே தடவினால் ஒட்டிக்கொள்ளும். பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் மேலே மினுங்கியது. சிவப்புக்கு மஞ்சளில் சுண்ணாம்பு, வெள்ளைக்குக் கிழங்கு மாவு, மீசைக்குப் புகைக்கரி. துணிதான் கிடைக்கவில்லை. தோட்டமே சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டிருந்த காலம். ராசாவுக்கு எர்னஸ்டின் ஆஸ்பத்திரிக் கோட்டைக் கொடுத்தாள். திரைக்குத் தன் கட்டில் விரிப்பை எடுத்தாள். இரட்டைக் கட்டில் விரிப்பு, கல்யாணத்துக்கு ரோசம்மா கொடுத்தது.

ஒத்திகை முடிந்ததும் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு லயத்துக்கு ஓடிவிடுவார்கள். விரிப்பை மடிப்பது அவள் வேலை. அத்தனை பெரிய துணியை மடிக்க இரண்டு பேர் வேண்டும். முன்பெல்லாம் எர்னஸ்ட் அந்த முனையைப் பிடிப்பான், வேண்டுமென்றே சுண்டி இழுத்து அவளைத் தள்ளாட வைப்பான். இப்போது அவள் ஒரு முனையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு மறுமுனையோடு நடந்து வருவாள். ஆணி சுண்டாது. மடிப்பு ஒழுங்காகவே வந்தது.

*

விடுமுறை நெருங்கியபோது ரூத் நேராக ராக்காயி வீட்டுக்குப் போனாள்.

"ராக்காயி, பாட்டைக் குடுங்க. கூத்து முடியலைன்னா நான் இங்கேயே மாட்டிக்குவேன். அக்கா வீட்டுக்குப் போகணும்."

"அப்ப அதுக்காகத்தான் கேக்குறீங்க."

"ஆமா. பொய் சொல்லல. அந்த மேட்டு வீட்டுல ஒத்தையில என்னால முடியல."

ராக்காயி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். முதல் தடவையாக அவளை உட்காரச் சொன்னாள்.

"டீச்சரம்மா, எங்காளு எல்லாப் பாட்டையும் இங்கதான் பாடிப் பாப்பாரு. அந்தப் பாட்ட மட்டும் வீட்டுல பாடவே மாட்டாரு. பால்மரத்துக்குள்ள போயித்தான். அந்தச் சொல்லு வீட்டுல விழக் கூடாது. கூத்தன்னிக்கு மேடையில பாடுவாரு, தாலிய அறுப்பாரு, சபையே அழும். அப்புறம் நேரா வீட்டுக்கு வரமாட்டாரு. ஆத்துல மூஞ்சியக் கழுவி, சேலையக் களைஞ்சிட்டு, ஆம்பளையா வாசல்ல வந்து நிப்பாரு. நான் ஆரத்தி சுத்துவேன். அவரு உள்ள வந்து எங்கையால ஒரு வாய் சோறு தின்னாத்தான் பாடினது செல்லாமப் போவும்."

வாசலைப் பார்த்தாள்.

"இப்ப எம்பொண்ணு பாடி முடிச்சா, கழுவிக்கிட்டு வந்து நிக்க ஆளு எங்க?"

அப்பா சயாமில் இருக்கும்போது மகளை மேடையில் தாலி அறுக்கச் சொன்னோமே என்பது அப்போதுதான் ரூத்துக்கு உறைத்தது. வேறு எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் இதே கதைதான்.

ஆனால் அவளுக்குப் போக வேண்டும். மேட்டு வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே வழி கண்டுபிடித்துவிட்டாள். கட்டியங்காரன்! கூத்தில் கட்டியங்காரனுக்கு இருக்கும் அதிகாரம் ராசாவுக்கே கிடையாது. "காடு வந்தாச்சு" என்று அவன் சொன்னால் அது காடு. "ஆறு மாசம் ஆயிருச்சு" என்றால் ஆறு மாசம். மரமும் வேண்டாம், மாசமும் வேண்டாம், அவன் சொல் போதும். அப்படியானால் "மகாராசா மாண்டார், ராணியம்மா அழுது முடித்தார்" என்று அவன் ஒரு வாய் சொல்லிவிட்டால்? ராணி வெளியே வரவே வேண்டாம். தாலி அறுக்க வேண்டாம். அடுத்தது மங்களம்.

பக்கிரிசாமி தாடையைச் சொறிந்தார். "கட்டியங்காரன் சொன்னா நடந்தமாதிரிதான். செல்லும்."

சின்னையாவுக்கு ஒரே பெருமை. "அப்ப ராசாவ நான்தான் சாவடிக்கிறேனா டீச்சர்?"

"ஆமாடா. நான் தலையசைப்பேன், அப்ப சொல்லணும். அதுக்கு முன்னாடி வாயத் திறக்கக் கூடாது."

"அதுதான் லா கஷ்டம்," என்றான் முருகையா.

*

கூத்து பகலில் நடந்தது. இருட்டியபின் கூட்டம் சேரக் கூடாது என்று உத்தரவு, விளக்குக்கு எண்ணெயும் இல்லை. ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்துக்காகப் போடுகிற பூச்சு வெயிலில் சொறி மாதிரி தெரியும் என்பதால் ரூத் மாவைக் குறைத்து, கண்மையைக் கூட்டியிருந்தாள். கோயில் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் குழந்தைகள். ஆண்கள் என்று பார்த்தால் பூசாரி, கிராணியார், கிழவர்கள். தகர டின்னில் தாளம். ரூத்தின் மூட்டை கட்டித் தயாராக வீட்டில் இருந்தது. மறுநாள் காலை லாரி.

காலையிலேயே அழகம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. திரையின் ஒரு முனையைப் பிடிக்க ரூத்தே நின்றாள். மறுமுனை, வேஷமில்லாத நேரத்தில் பிரேமாவதிக்கு.

கூத்து ஓடியது. சின்னையாவின் ஒவ்வொரு வார்த்தைக்கும் சிரிப்பு. "வேங்கைமலைச் சேனை எங்கே?" என்று ராசா கேட்க, "சேனைக்குப் பசிக்குது மகாராசா, கிழங்கு தோண்டப் போயிருக்கு," என்றான். கிராணியார்கூடச் சிரித்துவிட்டார். ஒவ்வொரு வேஷம் பேசும்போதும் சபையில் எங்கோ ஒருத்தியின் உதடு கூடவே அசைந்தது. தன் கணவனின் வசனம். ரூத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் உதட்டில் எடுத்துக் கொடுக்க ஒரு சொல்லும் இல்லை. எர்னஸ்ட் எந்த வேஷமும் கட்டியதில்லை.

பகையரசனின் கத்தி பட்டது. முருகையா சுழன்று, தள்ளாடி, அழகாக விழுந்தான். விதிப்படி திரை எழுந்து ராசாவை மறைத்தது. சபைக்கு இப்போது விரிப்பின் வெள்ளையும், அதன் முன்னால் நின்ற சின்னையாவும் மட்டும்.

ரூத்துக்குத் திரையின் பின்பக்கமும் தெரிந்தது.

முடி உருண்டு கிடந்தது. தரையில் எர்னஸ்டின் கோட்டு குப்புறக் கிடந்தது. உள்ளே இருப்பது முருகையா என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? முதுகு ஏறி இறங்கியது, ஓடிய ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. கோட்டின் முழங்கையில் அவளே போட்ட தையல். மேலே, அவர்கள் இருவரும் படுத்த விரிப்பு.

சின்னையா திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையசைக்க வேண்டும். அவ்வளவுதான். அசைத்தால் அவன் சொல்வான், மங்களம், பூசாரி கயிற்றை அவிழ்ப்பார், நாளைக்கு லாரி, ரோசம்மா, பேச்சுக்குரல்கள் நிறைந்த ஒரு வீடு.

தகர டின் நின்றுவிட்டது. சபையில் ஒருத்தியும் அசையவில்லை. முன்வரிசையில் ராக்காயி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

சின்னையா மறுபடி பார்த்தான். புருவத்தை உயர்த்தினான்.

ரூத்தின் கழுத்து அசையவில்லை.

எவ்வளவு நேரம்தான் ஒரு கட்டியங்காரன் சும்மா நிற்பான்? சின்னையா சபையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்தான்.

"சபையோரே, சத்தம் போடாதீங்க. மகாராசா தூங்குறாரு."

யாரோ விக்கியது சிரிப்பாக முடிந்தது.

"சண்டை போட்டுக் களைச்சுப் போயிட்டாரு. எழுப்பினா அடிப்பாரு. நான் ஏற்கெனவே வாங்கியிருக்கேன்."

திரைக்குப் பின்னாலிருந்து முருகையா பலமாக ஒரு குறட்டை விட்டான். யாரும் சொல்லிக்கொடுக்காத குறட்டை.

"தூங்கட்டும், விடுறா!" என்று ராக்காயி உரக்கச் சொன்னாள். "நல்லாத் தூங்கட்டும். தானா எந்திரிப்பாரு!"

அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மங்களம் பாட யாரும் வாயெடுக்கவில்லை. ராசாவை எழுப்பக் கூடாது என்பதுபோல் மெதுவாகவே கலைந்தார்கள்.

பக்கிரிசாமி காலை இழுத்துக்கொண்டு வந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. கயிறு அவிழ்க்க வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"டீச்சரம்மா, நாளைக்கு லாரியாச்சே. நீங்க வேதக்காரங்க. உங்களுது மட்டும் அவுத்து விட்டுறவா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ரூத் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் வெளுத்திருந்தது.

"கூத்து முடியலையே பூசாரியய்யா," என்றாள்.

*

காலையில் லாரி மேட்டு வளைவில் நின்று ஹாரன் அடித்தது. ரூத் இறங்கிப் போனாள், மூட்டை இல்லாமல்.

"சுங்கை பட்டாணியில எங்கக்காகிட்டச் சொல்லிடுங்க. கூத்து இன்னும் முடியல. முடிஞ்சதும் வர்றேன்னு."

"எப்ப முடியும்னு கேட்டா?" என்றான் டிரைவர்.

"தெரியாதுன்னு சொல்லுங்க."

லாரி சடக்குப் பாதையில் இறங்கி மறைந்தது. தூசி அடங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாள். விடுமுறையாதலால் பள்ளிக்கூடமும் இல்லை. கிழங்குக் காட்டிலிருந்து பெண்களின் பேச்சுச் சத்தம் வந்தது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்காத தூரத்தில்.

விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்புச் சிவப்பு போகவில்லை. மாலையில் காய்ந்ததும் உள்ளே எடுத்து வந்தாள். ஒரு முனையை ஆணியில் மாட்டினாள், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். துணி முழுசாக விரிந்து, அறையின் குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று இங்கிருந்து தெரியாது.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்தாள்.